பல்லக்காவின் ஆள்காட்டி விரல்

எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய பாதிப் பேர் பல்லக்காவின் தயவில்தான் மென்று சாப்பிடுகிறார்கள். அக்கா பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பது அக்காவின் தொழில். மெழுகில் ஈறு பிடித்து, பல் ஒவ்வொன்றாக நட்டு, அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு இடது ஆள்காட்டி விரலால் உள்பக்கம் முழுக்க ஒருமுறை தடவுவார். மணல் துகளில் பாதி அளவு மேடு இருந்தால்கூட விரல் அங்கே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அனுப்பினால் போட்டுக்கொள்பவருக்கு ஈறு புண்ணாகி ஒரு வாரம் வெறும் சூப்புதான். "கண்ணு ஏமாந்துடும் தம்பி. இதை ஏமாத்த முடியாது" என்று அந்த விரலை என் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டுவார்.

அந்த விரல் போயிருக்க வேண்டியது. போகாமல் நின்றதற்குக் காரணம், எங்கள் தெருவில் யாரும் வாய்கொடுக்க விரும்பாத ஒரு மனிதர். பம்பு, ஜெனரேட்டர், புல்வெட்டும் மெஷின் எல்லாம் விற்று, பழுதும் பார்க்கிற கடை அவருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவுக்கு அவர் 'இடி'. கடைக்குப் போனால் முதலில் திட்டு, அப்புறம்தான் பொருள். நான்கு கடை தள்ளி நின்றாலும் யார் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது காதில் விழும்.

அக்காவின் கணவர் லாரியண்ணன். முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே எதையாவது கழற்றத் தொடங்கினார். முதலில் கதவுத் தாழ்ப்பாள், பிறகு மின்விசிறி, பிறகு அக்காவின் மேசை விளக்கு. விளக்கில் கை வைத்ததும் அக்கா அவரை வாசலுக்குத் துரத்திவிட்டார். வாசலில் அவருக்கு வேலை காத்திருந்தது. அந்த வருஷம் நாற்பது நாள் விடாத தூறல். கேட்டிலிருந்து பின்னறை வரை போகும் சிமெண்டுப் பாதை அறுபது அடி நீளத்துக்குப் பச்சைப் பாசி ஏறிக் கிடந்தது. பின்முற்றத்தில் அச்சில் ஊற்றும்போது வருஷக்கணக்காகச் சிந்திய பிளாஸ்டர் வெள்ளை வெள்ளையாகக் கெட்டிதட்டியிருந்தது. ஒரு டாக்டரிடமிருந்து அச்சுப் பெட்டி கொண்டுவந்தவர் பாசியில் வழுக்கி விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிக்குள் இருந்த நாலு பேர் வாய் உடைந்துபோனது.

"பிரஷர் வாஷர் ஒண்ணு வாங்கிட வேண்டியதுதான்" என்றார் லாரியண்ணன். "தண்ணியை வேகமாப் பீய்ச்சிக் கழுவற மெஷின். பெட்ரோல்ல ஓடறது. தம்பி, நீ லைப்ரரில தானே உக்காந்திருக்கே? அதைப் பத்திக் கொஞ்சம் படிச்சுட்டு வா."

நான் நூலகத்தில் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவன். இன்ஜின் என்றால் எனக்கு அட்டைப்படத்தில் பார்த்ததுதான் பழக்கம். ஆனாலும் அண்ணன் சொல்லிவிட்டாரே என்று நாலு புத்தகம் புரட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை அவரோடு இடியின் கடைக்குப் போனேன்.

இடி ஒரு கார்பரேட்டரை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன வேணும்?"

"பிரஷர் வாஷர். பெட்ரோல்."

"எதுக்கு?"

"வாசல்ல பாசி. பின்னாடி பிளாஸ்டர்."

"கரண்டுல ஓடறது போதாதா? சத்தம் கம்மி, கவனிப்பும் கம்மி."

"பின்முற்றத்துல பிளக் கிடையாது. ஈரத்துல அவ்வளவு தூரம் வயரை இழுத்துக்கிட்டுப் போறதுக்குப் பயமா இருக்கு" என்றேன் நான்.

இடி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பரவால்ல. இந்த ஒரு பேச்சு அர்த்தமா இருக்கு."

லாரியண்ணன் மூலையில், இருப்பதிலேயே பெரிய மெஷினைக் கைகாட்டினார். "அதைக் குடுங்க."

"எதுக்கு, கப்பல் கழுவப் போறியா?"

"பெருசா இருந்தா சீக்கிரம் முடியும்ல?"

"தரையும் சீக்கிரம் முடியும். சிமெண்டு பேர்ந்து ஜல்லி பல்லிளிக்கும். வீட்டுக்கு நடுத்தரம் போதும்யா. அதுக்கும் முன்னாடி ஒண்ணு சொல்லு. உங்க வீட்டுக் குழாய்ல பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகும்?"

"அதை எவன் எண்ணிப் பார்த்தான்?"

"போய் எண்ணிட்டு வா. குழாய்ல வர்றதைவிட மெஷின் அதிகமாக் குடிச்சா பம்பு காத்தை இழுக்கும். ரெண்டு மாசத்துல செத்துடும். அப்புறம் இடி குப்பையை வித்துட்டான்னு தெரு பூரா சொல்லுவே."

தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. லாரியண்ணன் வழி நெடுகக் கொதித்தார். "காசு குடுக்கறவன் நான். வாளியை எண்ணிட்டு வான்னு அனுப்பறான் பாரு!" என்றார். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண, நாற்பத்திரண்டு நொடி. மறுநாள் அதைப் போய்ச் சொன்னோம். இடி உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்தார். "நிமிஷத்துக்குப் பதினாலு லிட்டர் வருது. இது குடிக்கறது ஒன்பது. எடுத்துக்கோ" என்று தோள் உயரத்துக்குக் கைப்பிடி வைத்த ஒரு மெஷினை முன்னால் தள்ளினார். கூடவே இருந்த, தண்ணீர் பீய்ச்சும் ஐந்து நிற நாசில்களில் சிவப்பை மட்டும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது என்னோடது!" என்றார் லாரியண்ணன்.

"இது பென்சில் கோடு மாதிரி ஒரே இடத்துல அடிக்கும். ஷூவோட சேர்த்துக் காலை அறுத்துடும். பச்சை போதும் உனக்கு. இங்க பாரு, உன் லாரி டயர்ல எவ்வளவு காத்து அடிப்பே? அதைப்போல இருபது மடங்கு அழுத்தம் இந்த ஹோஸுக்குள்ள இருக்கு. இனிமே சொல்றதைக் காதுல வாங்கு. முதல்ல தண்ணி, அப்புறம்தான் இன்ஜின். கைப்பிடி விசையை விட்டுட்டு இன்ஜினை ஓடவிட்டு ஊர்க்கதை பேசாத, பம்புக்குள்ள தண்ணி சூடாகி சீல் போயிடும். நிறுத்தினதும் விசையை அமுக்கி மிச்ச அழுத்தத்தை வெளிய விட்டுடு. பெட்ரோலை மாசக்கணக்கா டாங்க்ல வெச்சிருக்காத, பிசின் மாதிரி ஆயிடும். ஹோஸு சைலன்சர் பக்கமே போகக்கூடாது. சுட்டுப்போனா என்கிட்ட வா. ஒட்டுப்போடற வேலை கூடாது."

"முப்பத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியிருக்கேன்யா நான்."

"லாரி உன்னை ஓட்டியிருக்கும்" என்றார் இடி.

அந்த மெஷின் வந்த பிறகு அந்த வீட்டில் ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. லாரியண்ணன் காலையில் டீ குடித்த கையோடு முற்றத்தில் இறங்கிவிடுவார். ஸ்டார்ட்டர் கயிற்றின் மூன்றாவது இழுப்பில் இன்ஜினைப் பிடிக்கவைப்பது அவருக்குக் கௌரவப் பிரச்சினை. பச்சைப் பாதை கீற்றுக் கீற்றாக வெளுத்துக்கொண்டே வரும். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பல் நடுவார். வேலை முடிந்ததும் அண்ணன் வாசல் படியில் உட்கார்ந்து அவித்த முட்டையும் ரொட்டியும் சாப்பிடுவார். எனக்கும் ஒரு தட்டு வரும். இடியை வாய் நிறையத் திட்டுவாரே தவிர, எண்ணெய் மாற்றுவதிலிருந்து வடிகட்டியைக் கழுவுவது வரை இடி சொன்ன முறை ஒன்றைக்கூட அவர் மீறியதில்லை. மீறியவன் நான்.

என் வீட்டுப் படியிலும் பாசி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை இரவல் வாங்கி வந்தேன். பாசி உரிந்து தண்ணீரில் ஓடுகிற அழகில் மெய்மறந்துபோய், ஹோஸ் எங்கே கிடக்கிறது என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரப்பர் கருகிய நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தேன். ஹோஸ் சைலன்சர் மேல் சாய்ந்து கிடந்தது. விரல் நீளத்துக்குத் தோல் உரிந்து, உள்ளேயிருந்த பின்னல் தெரிந்தது. இடியின் முகம் மனதில் வந்தது. வீட்டில் கறுப்பு டேப் இருந்தது. எடுத்து ஆறேழு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்துப் பிய்த்துவிட்டேன்.

திருப்பிக் கொடுக்கும்போது கேட்டருகே அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம்தானே, விடு. அந்தாள்கிட்ட போனா ரெண்டு பேருக்கும் காது கிழிஞ்சிடும். அடுத்த மாசம் ஆள் இல்லாத நேரமாப் பார்த்துப் புதுசு வாங்கிக்கலாம்" என்றார்.

கடையில் இடி இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். வயசான இரண்டு ஆண்பிள்ளைகள், திட்டு வாங்கப் பயந்துகொண்டு டேப்பை நம்பினோம்.

பதினோரு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. எனக்கு விடுமுறை. காலை பத்து மணி இருக்கும். தூறல் விட்டு லேசாக வெயில் அடித்தது. லாரியண்ணன் பின்முற்றத்தில் பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஹோஸிலிருந்து எங்கேயோ புஸ்ஸென்று சத்தம் வந்தது. வெயிலில் புகை மாதிரி ஒரு நீர்த்தூள் பறந்தது. எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியவில்லை.

"எங்கடா ஓட்டை?" என்று அண்ணன் குனிந்து தேடினார். அவருக்குக் கண்ணாடி போடாமல் கிட்டத்தில் எதுவும் தெரியாது. நான் எழுந்து நின்றேன். எங்கே என்று எனக்குத் தெரியும். ஆனால் 'டேப் இருக்கிற இடத்தில்' என்று அக்காவின் காதுபடச் சொல்ல வாய் வரவில்லை.

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார். கையெல்லாம் மெழுகு. "ரெண்டு பேர் நின்னு ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியலையா? தள்ளுங்க" என்று சிரித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இதுக்கு எதுக்குக் கண்ணு? விரலுக்குத் தெரியாததா?"

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு இடது ஆள்காட்டி விரலால் ஹோஸைத் தடவிக்கொண்டே வந்தார். டேப்பைத் தொட்டது விரல். அடுத்த நொடி "ஸ்ஸ்" என்று கையை உதறினார்.

அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "என்னம்மா? காட்டு!"

விரல் நுனியில் ஒரு புள்ளி. எள்ளில் பாதி இருக்கும். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை.

"ஊசி குத்தின மாதிரி சுருக்குன்னுச்சு. அவ்வளவுதான். பெரிசு பண்ணாதீங்க" என்றார் அக்கா. ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை ஒரு பல்செட் போக வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் பேத்தி கல்யாணத்தில் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்.

அண்ணன் முகம் வெளுத்திருந்தது. "தம்பி, இனிமே ஒளிச்சு வெக்க வேணாம். நீ போய்ப் புது ஹோஸ் வாங்கிட்டு வந்துடு. திட்டினா வாங்கிக்கோ" என்றார்.

தைரியம் வரவழைத்துக்கொண்டு நான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடி கடையில் ஒருவரைத் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஹோஸ் வேணும். லாரியண்ணன் மெஷினுக்கு."

"எட்டு மாசம் ஆகல. அதுக்குள்ள என்ன ஆச்சு?"

"சின்னதா ஓட்டை."

"எப்படித் தெரிஞ்சுது?"

"புஸ்ஸுன்னு தண்ணி அடிச்சுது. இடம் தெரியல. அக்காதான் விரலால தடவிப் பார்த்து..."

இடியின் கையில் இருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"விரல்ல பட்டுச்சா?"

"லேசா. ஒரு புள்ளிதான்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தேகால் இருக்கும்."

சுவரில் மணி பதினொன்று ஐம்பது. ஷட்டரைப் பாதி இறக்கினார். பூட்டக்கூட நிற்கவில்லை. "வேன்ல ஏறு" என்றார்.

வீட்டில் அக்கா மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் வேலை நடக்கவில்லை. பிளாஸ்திரியை எடுத்திருந்தார். விரல் மெழுகு மாதிரி வெளுத்து, அடிப்பக்கம் வீங்கி, மடங்காமல் நின்றது.

"வலிக்குதாம்மா?" என்றார் இடி. அவர் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்று நான் நினைத்ததில்லை.

"முதல்ல வலிக்கல. இப்போ உள்ளுக்குள்ள தெறிக்குது. நுனியில ஒண்ணும் தெரியல" என்றார் அக்கா. பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "மெழுகைத் தொட்டா தொட்ட மாதிரியே இல்ல. என்னங்க இது?"

ஐஸ் கொண்டுவர ஓடிய லாரியண்ணனை இடி தடுத்தார். "ஐஸ் வேணாம். கட்டும் போடாத. கையை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வண்டில ஏறச் சொல்லு." சொல்லிக்கொண்டே முற்றத்துக்குப் போய் ஹோஸைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அதில் டேப் கறுப்பாகத் தெரிந்தது.

வேன் தெருமுனை திரும்பியதும் இடி கேட்டார். "இதுல டேப் சுத்தினது யாரு?"

நான் முன் இருக்கையில் அவர் பக்கத்தில் இருந்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நான்தான்" என்றார் லாரியண்ணன் பின்னாலிருந்து. அக்காவின் முழங்கையைத் தன் தோளில் தாங்கிப் பிடித்திருந்தார்.

இடி கண்ணாடியில் அவரைப் பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தோம். "நான் முன்னாடி, எண்ணெய் அழுத்தத்துல ஓடற ஹைட்ராலிக் மெஷின் பட்டறைல இருந்தேன்" என்றார். "பக்கத்து பெஞ்சுக்காரன் இப்படித்தான் ஓட்டையைத் தேடினான். இதே மாதிரி ஒரு புள்ளி. சிரிச்சுக்கிட்டே சாயங்காலம் வரைக்கும் வேலை பார்த்தான். மறுநாள் போனான். விரலோட நிக்கல, மணிக்கட்டு வரைக்கும் எடுத்துட்டாங்க. அவனுக்குள்ள போனது எண்ணெய். இது தண்ணிதான், அது நம்ம அதிர்ஷ்டம். ஆனா அழுக்கையும் சேர்த்து உள்ள தள்ளியிருக்கும்." ஹாரனை விடாமல் அடித்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் பார்த்ததும் சொன்னார்: "சின்னக் குத்துக்காயம்தான். டெட்டனஸ் ஊசி போடறேன், மாத்திரை எழுதித் தர்றேன். வீக்கம் நாளைக்குக் குறைஞ்சிடும்."

இடி ஹோஸை எடுத்து அவர் மேசையில், தாள்களின் மேலேயே வைத்தார். அழுக்குத் தண்ணீர் சொட்டியது.

"டாக்டர், இது குத்து இல்ல. இதுக்குள்ள நூத்தியெண்பது பார் அழுத்தம், லாரி டயரைப்போல இருபது மடங்கு. இந்தப் புள்ளி வழியா உள்ள பாய்ஞ்சிருக்கு. வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. கை ஆபரேஷன் பண்ற டாக்டரைக் கூப்பிடுங்க."

"நீங்க யாரு?"

"நான் பம்பு மெக்கானிக். நீங்க கூப்பிடற வரைக்கும் இங்கேர்ந்து நகரமாட்டேன்."

"இப்படிக் கத்தினா..."

"இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

பிறகு ஆரம்பித்தார். அந்தக் குரலை அதுவரை நாங்கள் கடை வாசலில்தான் கேட்டிருந்தோம். அன்றைக்கு அது மூன்று மாடிக்கும் கேட்டது. ஒரு நர்ஸ் ஓடிவந்தார், ஒரு காவலாளி ஓடிவந்தார். கடைசியாக, வெளியே போகக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். அவர்தான் கை சர்ஜன். விரலைப் பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், தோளில் மாட்டியிருந்த பையை நாற்காலியில் வைத்தார்.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்கம்மா?" என்று கேட்டார். "தியேட்டரைத் தயார் பண்ணுங்க."

அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "டாக்டர், விரல் இருக்குமான்னு நான் கேக்கல. தொட்டா தெரியுமா? தெரியலேன்னா எனக்கு வேலை இல்லை."

"திறந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார் அவர்.

இரண்டரை மணி நேரம். தாழ்வாரத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். இடி எங்கிருந்தோ மூன்று டீயும் ரொட்டியும் வாங்கி வந்தார். லாரியண்ணன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார், வாயில் வைக்கவில்லை. "என்னைத் திட்டுய்யா. ரெண்டு வார்த்தை திட்டிடு" என்றார் இடியிடம். இடி அவர் முதுகில் கை வைத்தார். "ரொட்டியைத் தின்னு" என்றார். நான் அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்ஜன் வெளியே வந்தபோது சோர்ந்திருந்தார். விரலை நீளவாக்கில் திறந்ததாகச் சொன்னார். இரண்டாவது மூட்டு வரைக்கும் அழுக்கு போயிருந்ததாம். எல்லாவற்றையும் கழுவி, காயத்தை மூடாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு நாளில் மறுபடி திறந்து கழுவ வேண்டும். "விரல் நிக்கும்னு நம்பறேன். நாளைக்கு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். உணர்ச்சி வர்றது மட்டும் என் கையில இல்ல. பொறுத்துத்தான் பார்க்கணும்." பிறகு இடியைப் பார்த்து, "கத்தினதுக்கு நன்றி" என்றார். இடி டீக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். மறுபடி கழுவித் தைத்தார்கள், பிறகு தையல் பிரித்தார்கள். விரல் பிழைத்தது, கோடு போட்டது மாதிரி ஒரு தழும்போடு. ஆனால் நுனி மரத்தே கிடந்தது. காய்ந்த கிளையைக் கையில் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்றார் அக்கா. இரண்டு டாக்டர்கள் வேலையை வேறு இடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். லாரியண்ணன் பின்னறையில் பிளாஸ்டர் கலக்கவும் அச்சு ஊற்றவும் கற்றுக்கொண்டார். எதையும் கழற்றவில்லை. தெரு மாற்றி மாற்றிச் சூப்பும் பழமும் கொடுத்தனுப்பியது. அக்கா செய்த பல்லால் மெல்கிறவர்கள் யாரும் பாக்கியில்லை. நான் தினமும் வேலை விட்டு வரும்போது கடைச் சாமான் வாங்கி வந்து கொடுப்பேன். "உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும் தம்பி" என்பார் அக்கா. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்காது.

இடி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவார். புது ஹோஸை அவரே மாட்டினார். சைலன்சருக்கு ஒரு தகரத் தடுப்பும் அடித்துக் கொடுத்தார். வந்ததும் முதல் கேள்வி அக்காவுக்குத்தான்.

"மடக்கினியாம்மா? எத்தனை தடவை?"

"நாப்பது."

"டாக்டர் எவ்வளவு சொன்னாங்க?"

"அம்பது."

"மிச்சம் பத்தை யாரு மடக்குவா, நானா? மடக்கு!"

உட்கார்ந்து எண்ணுவார். பருத்தித் துணி, மணல்தாள், அரிசி, பட்டுத் துண்டு என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்ததை அக்கா கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் மணல்தாள் தெரிந்தது. ஒரு நாள் அரிசி தெரிந்தது. அன்றைக்கு லாரியண்ணன் முற்றத்துக்குப் போய் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

நான்காம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஒரு முழுப் பல்செட்டை முடித்திருந்தார். பிளாஸ்டர் வேலை அண்ணன், மெழுகு வேலை அக்கா. மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அந்த விரலை உள்ளே வைத்தார். மெதுவாக நகர்த்தினார். இடியின் மூச்சு என் காதில் கேட்டது. விரல் வலது கடைவாய்ப் பக்கம் போனது, திரும்பியது, ஓரிடத்தில் நின்றது.

"இங்க" என்றார் அக்கா.

லாரியண்ணன் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நான் தடவினேன். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. இடி பூதக்கண்ணாடியை வாங்கி, விளக்கை இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இருக்கு" என்றார். "தூசி மாதிரி ஒரு மேடு. இருக்கும்மா." பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு விடுவிடுவென்று முற்றத்துக்குப் போனார். "பெட்ரோல் மூடியைச் சரியா மூடமாட்டீங்களாய்யா?" என்று அங்கிருந்து சத்தம் வந்தது. மூடி சரியாகத்தான் இருந்தது. காலையில் நானே பார்த்தேன். லாரியண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் பின்னால் போனார்.

அறையில் நானும் அக்காவும்தான். இனிமேலும் வைத்துக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"அக்கா, அந்த ஹோஸைச் சுட்டது நான். டேப் சுத்தினதும் நான்தான். அண்ணன் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டாரு."

அக்கா பல்செட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியும் தம்பி."

"அண்ணன் சொல்லிட்டாரா?"

"அவரா சொல்லுவாரு? அன்னைக்கு ஹோஸைத் தடவினேன்ல, டேப்போட நுனியில விரல் பட்டுச்சு. பல்லால கடிச்சுப் பிய்ச்ச நுனி. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கற கடி. உங்க அண்ணன் வாயில இருக்கறது நான் செஞ்ச பல்லு. அதுல நான் எங்க சந்து விட்டேன்?"

என்னையறியாமல், என் முன்பல் சந்து தெரியாதபடி வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா சிரித்துவிட்டார்.

"அன்னைக்கே தெரியுமாக்கா? நாலு மாசமா? ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கம் வர்றதை நிறுத்தியிருப்பீங்க. உங்க மேல கோபம் இல்லாம இல்ல. ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ நிறையவே இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். திட்டு வாங்கணும்னு தெரிஞ்சும் அன்னைக்கு நீங்கதானே கடைக்கு ஓடினீங்க? தடவிப் பார்த்தாங்கன்னு உங்க வாய்ல வராம இருந்திருந்தா, நான் இந்த மேசையிலயே உக்காந்து கையைத் தொலைச்சிருப்பேன்." விரலை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துக்கொண்டார். "உங்க படியெல்லாம் மறுபடியும் பச்சையாக் கிடக்குன்னு அவர் சொன்னாரு. மெஷினை எடுத்துட்டுப் போய்க் கழுவிட்டு வாங்க."

"வேணாம்க்கா. இனிமே நான் அதைத் தொடமாட்டேன்."

"தொடாம எப்படி? விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டா அதையும் நான்தானே செய்யணும்? போங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கத் தோன்றவில்லை. என்னை மாதிரி ஆளுக்கு இப்படி ஒரு வீடு பக்கத்தில் கிடைத்ததற்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முற்றத்துக்குப் போனேன். லாரியண்ணன் மெஷினுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் இடியின் முன்னால் போய் நின்று, ஹோஸைச் சுட்டதையும் டேப் சுற்றியதையும் வேனில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. பிறகு கத்தத் தொடங்கினார். படித்தவன் பண்ணுகிற வேலையா இது, முத்திரை குத்துகிற கைக்கு மெஷின் ஒரு கேடா, நாலு மாசம் எப்படித் தூங்கினே என்று தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினார். அண்டை வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. லாரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னறையில் அக்கா மெருகு மோட்டாரைப் போட்டு, அந்த மேட்டைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.